இத்தாலியில் சமையற்கலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சமையற்கலை படிக்க இத்தாலிக்குச் செல்ல விரும்பும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். எமிலியா ரொமாஞ்ஞா மாநிலத்தில் சமையல் பயின்று, அங்குள்ள உணவகங்களில் பணியாற்றி, இப்போது தமிழ்நாட்டில் மாணவர்களைப் பயிற்றுவிக்கும் சமையற்கலைஞர் பதில்களை எழுதியிருக்கிறார். கடிதங்கள் இடம் கருதிச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: கேட்டரிங் பட்டயப் படிப்பு முடித்து ஒரு நட்சத்திர ஓட்டலில் வேலை பார்க்கிறேன். இத்தாலியில் மேற்கொண்டு படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. விசாரித்தால் ஒவ்வொரு முகவரும் ஒவ்வொரு பள்ளியின் பெயரைச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முகவர்கள் ஒரே மூச்சில் அடுக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத படிப்புகளைச் சேர்ந்தவை. பார்மா நகருக்கு வடக்கே கொலோர்னோ என்ற சிற்றூரில், ஒரு காலத்தில் நெப்போலியனின் இரண்டாம் மனைவி மரீ லூயிஸ் வாழ்ந்த அரண்மனையில், 2004-ஆம் ஆண்டு முதல் ‘ஆல்மா’ என்ற பன்னாட்டு இத்தாலியச் சமையற்பள்ளி நடந்துவருகிறது. அங்கே சில மாதங்கள் பள்ளியின் அடுக்களையிலும், அதன்பின் சில மாதங்கள் ஏதேனும் ஓர் உணவகத்திலும் நின்று கைத்தொழிலாகவே சமையலைக் கற்க வேண்டும். உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷ்லின் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களை இத்தாலியில் முதன்முதலாக 1985-இல் பெற்ற குவால்தியேரோ மார்கேசி அந்தப் பள்ளியை வழிநடத்தியவர்.

அதே 2004-இல் பியமொந்தே மாநிலத்தின் பிரா நகருக்கு அருகே பொல்லென்சோவில் தொடங்கப்பட்ட உணவறிவியல் பல்கலைக்கழகம் முற்றிலும் வேறானது. உள்ளூர் உணவு மரபுகளைக் காக்கும் ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கத்தைத் தோற்றுவித்த கார்லோ பெத்ரீனியின் முயற்சியில் உருவான அந்த நிறுவனம், உணவின் வரலாறு, வேளாண்மை, பொருளாதாரம், சுவையறிதல் ஆகியவற்றைச் சேர்த்துப் பட்டம் அளிக்கிறது. உணவைப் பற்றி எழுதவோ, உணவு வணிகத்தில் ஈடுபடவோ, உழவர்களோடு வேலை செய்யவோ விரும்புகிறவருக்கு அது அருமையான இடம். அடுப்பங்கரையில் நிற்க விரும்புகிற உங்களுக்கு அது பொருந்தாது. வெளிநாட்டவர்களுக்கென்றே 1991-இல் தொடங்கப்பட்ட ‘இசிஃப்’ என்ற சமையற்பயிற்சி நிறுவனமும் பியமொந்தேயில், கொஸ்தில்யோலே தாஸ்தி என்ற ஊரின் கோட்டையில் இயங்குகிறது.

பள்ளியின் பெயரைவிட, அது இருக்கும் பகுதியைப் பார்த்து முடிவெடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பணிப்பயிற்சிக் காலத்தில் நீங்கள் தொடப்போகும் பொருட்களை அந்தப் பகுதிதான் தீர்மானிக்கிறது. எமிலியாவில் வெண்ணெயும், பாற்கட்டியும், முட்டை சேர்த்துப் பிசைந்த பாஸ்தாவும் உங்கள் கைக்குப் பழகும். பியமொந்தேயில் வெர்ச்செல்லி, நொவாரா வயல்களின் அரிசியும், ஹேசல்நட் பருப்பும், இலையுதிர் காலத்தில் ஆல்பா நகரின் வெள்ளை டிரஃபிள் காளானும் பழகும். தெற்கே பூலியாவுக்கோ சிசிலிக்கோ போனால் ஆலிவ் எண்ணெயும், ரவைமாவும், காய்கறியும், மீனும்தான் எங்கும் இருக்கும். இத்தாலியச் சமையல் என்று பொதுவாக ஒன்றைச் சான்றிதழில் அச்சிடலாமே தவிர, எந்த வீட்டு அடுப்பிலும் அப்படி ஒன்று கொதிப்பதில்லை. உங்களுக்கு எந்தப் பொருளின்மீது உண்மையான பிடிப்பு இருக்கிறதோ அது விளையும் பகுதிக்குப் போங்கள்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். வகுப்பறைப் பாடம் ஆங்கிலத்தில் கிடைத்தாலும், பணிப்பயிற்சிக்குப் போகும் உணவகத்தில் ஆணைகள் இத்தாலிய மொழியில்தான் பறக்கும். பாத்திரம் கழுவுபவர் முதல் தலைமைச் சமையற்காரர் வரை எல்லோரிடமும் பேசத் தெரிந்த மாணவர், தெரியாத மாணவரைவிடப் பல மடங்கு கற்றுக்கொள்கிறார். விமானம் ஏறுவதற்குமுன் அடிப்படை இலக்கணத்தையாவது முடித்துவிடுங்கள். அடுக்களைப் பொருட்களின் பெயர்களையும், எண்களையும், வினைச்சொற்களின் ஏவல் வடிவங்களையும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் பேக்கரி, பாஸ்தா என்று வீட்டிலேயே எல்லாம் செய்கிறாள். இத்தாலிக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்கிறாள். எங்கள் வீட்டில் சைவம். அவள் முட்டை மட்டும் சாப்பிடுவாள். அங்கே அவளால் படிக்க முடியுமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அம்மா, சாப்பாட்டுக்கு அவள் சிரமப்பட மாட்டாள். படிப்புக்குச் சிரமப்படக்கூடும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, இத்தாலியின் ஏழை வீட்டுச் சமையல் பெரும்பகுதி பருப்பும் கீரையும் காய்கறியும்தான். கடலைமாவைத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் கரைத்து, பெரிய தட்டில் ஊற்றிச் சுடும் ஃபரினாத்தா லிகூரியாவில் கிடைக்கும். உலர்ந்த மொச்சையை மசித்து, கசப்புக் கீரையோடு பரிமாறும் உணவு பூலியாவில் அன்றாடச் சாப்பாடு. பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் சேர்ந்து வேகும் கெட்டியான சூப்பை நாடு முழுவதும் குடிக்கிறார்கள். தெற்கத்திப் பாஸ்தாவில் ரவைமாவும் தண்ணீரும் மட்டுமே இருக்கும், முட்டைகூடக் கிடையாது.

ஆனால் சைவம் என்று தோன்றுகிற பலவற்றில் சைவம் இல்லை என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாற்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் மாலையில் கறந்து, இரவெல்லாம் வைத்து மேலாடை எடுத்த பாலோடு, காலையில் கறந்த முழுப்பாலைச் சேர்த்துச் செப்புக் கொப்பரையில் ஊற்றி, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைப்பானைக் கொண்டே அதைத் திரைய வைக்கிறார்கள். அந்தப் பெயரைத் தாங்க வேண்டுமானால் வேறு உறைப்பானுக்கு விதிகள் இடம் தருவதில்லை. செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பெக்கொரீனோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் உறைப்பான். பெஸ்தோ துவையலிலும் இந்தப் பாற்கட்டிகள் உண்டு. ரிசோட்டோ என்ற அரிசி உணவை இறைச்சிச் சாற்றில் வேக வைத்திருப்பார்கள். அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. இனிப்புகளில் ஜெலட்டின் பன்றியிலிருந்து வந்திருக்கலாம். சில மாவுப் பண்டங்களில் பன்றிக் கொழுப்பைப் பிசைந்திருப்பார்கள். ஆனால் மாஸ்கர்பொனே போன்ற மென்மையான பாற்கட்டிகள் உறைப்பான் இல்லாமல், புளிப்பைக் கொண்டு திரைபவை. சில பாற்கட்டிகளைத் தாவர உறைப்பானால் செய்து, உறையில் அதைக் குறிப்பிடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு மொழி இருந்தால் அவள் சமாளித்துக்கொள்வாள்.

படிப்பு வேறு கதை. முழுமையான சமையற்கலைப் பட்டயத்தில் இறைச்சி அறுத்தல், மீன் சுத்தம் செய்தல், எலும்பைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்தல் எல்லாம் கட்டாயப் பாடங்கள். தொடுவதோடு முடியாது, சுவைத்துப் பார்த்து உப்பையும் பதத்தையும் சொல்ல வேண்டும். ‘நான் சுவைக்க மாட்டேன்’ என்று சொல்லும் மாணவியை ஆசிரியர்கள் மரியாதையாகவே நடத்துவார்கள்; ஆனால் அவளுடைய பயிற்சி பாதியில் நின்றுவிடும். எனவே இறைச்சியைத் தொடவே மனம் ஒப்பவில்லை என்றால் அந்தப் பட்டயத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய ஆர்வம் பேக்கரியிலும் பாஸ்தாவிலும் இருப்பதால், ரொட்டி, கையால் செய்யும் பாஸ்தா, ஜெலாத்தோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீம் ஆகியவற்றுக்கான தனிப் படிப்புகளைப் பாருங்கள். பொலோன்யாவுக்கு அருகே அன்சோலா தெல் எமிலியாவில், ஐஸ்கிரீம் இயந்திரங்கள் தயாரிக்கும் கார்பிஜானி நிறுவனம் 2003 முதல் ஜெலாத்தோவுக்கென்றே ஒரு கல்விக்கூடம் நடத்திவருகிறது. சைவச் சமையலிலேயே உயரம் தொடலாம் என்பதற்கும் அந்நாட்டில் சான்று உண்டு: மிலானில் உள்ள ஜோயா என்ற சைவ உணவகம் 1996-இல் மிஷ்லின் நட்சத்திரம் பெற்றது.

உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய ஒரு செய்தியும் இருக்கிறது. போ ஆற்றுச் சமவெளியின் மாட்டுத் தொழுவங்களில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள்; உலகம் கொண்டாடும் பார்மிஜானோ பாற்கட்டிக்கான பாலில் அவர்களுடைய உழைப்பு கலந்திருக்கிறது. ரெஜ்ஜோ எமிலியா மாவட்டத்தின் நொவெல்லாராவில் 2000-ஆம் ஆண்டு அவர்கள் எழுப்பிய பெரிய குருத்வாரா இருக்கிறது. வருகிற எவருக்கும் அங்கே சைவச் சாப்பாடு உண்டு.

கேள்வி: மது அருந்தாதவர்கள் இந்தப் படிப்பில் சேரலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: சேரலாம். சமையலில் ஒயின் ஊற்றுவதும் உணவுக்கேற்ற ஒயினைப் பற்றி அறிவதும் பாடத்தின் பகுதிதான் என்பதால் அதைக் கையாளாமல் இருக்க முடியாது. குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சுவையறியும் வகுப்புகளில் வாயில் வைத்துத் துப்பிவிடுவது தொழில் வல்லுநர்களின் வழக்கமே. வாயில் வைக்கவும் விருப்பமில்லை என்றால், சேருவதற்கு முன்பே பள்ளிக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பார்மாவுக்கு அருகில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் எனக்குக் கைமணம் உண்டு என்று பெயர். இங்கே நான் சமைக்கும் எதுவும் தேறவில்லை. சோறு குழைந்துவிட்டது, பாஸ்தா அதிகம் வெந்துவிட்டது, பூண்டு கருகிவிட்டது, எல்லாமே அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று ஆசிரியர் தட்டைத் திருப்பி அனுப்புகிறார். மனம் உடைந்துபோகிறது.
– மாணவர், பார்மா மாவட்டம்

பதில்: உங்கள் கைமணம் எங்கும் போய்விடவில்லை. ஒரு சமையல் முறையில் தேர்ந்த கை, இன்னொரு முறைக்குள் நுழையும்போது முதலில் தடுமாறத்தான் செய்யும். கை எவ்வளவு தேர்ந்ததோ அவ்வளவு தடுமாறும். எங்கெல்லாம் உங்கள் கை தானாக வேலை செய்கிறது என்று பாருங்கள். தட்டு திரும்பி வருவதற்கான காரணம் அங்கேதான் இருக்கும்.

அரிசியிலிருந்து தொடங்குவோம். அரிசியைக் கண்டதும் நம் கை கழுவப் போய்விடும். கழுநீர் தெளியும்வரை நமக்கு மனம் ஆறாது. ரிசோட்டோவுக்கான கார்னரோலியையோ ஆர்போரியோவையோ கழுவினால் அதன் மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து போய்விடும். கடைசியில் கிடைக்க வேண்டிய பசைத்தன்மை அந்த மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. எனவே உலர்ந்த அரிசியை அப்படியே வெண்ணெயில் போட்டு, மணி மணியாகச் சூடேறும்வரை வறுக்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு மணியை வைத்தால் சுட வேண்டும். ஆனால் நிறம் மாறக் கூடாது. ஒயின் ஊற்றி அது வற்றியதும், கொதித்துக்கொண்டிருக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கொண்டே வர வேண்டும். ஆறிய சாற்றை ஊற்றினால் வேகும் ஓட்டம் நின்றுவிடும். ஏறக்குறைய பதினாறு முதல் பதினெட்டு நிமிடத்தில், மணியின் நடுவில் சிறிது கெட்டித்தன்மை மிச்சம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். நம் ஊரில் அரைவேக்காடு என்று சொல்லி மறுபடி மூடிவைக்கத் தோன்றும் கட்டம் அது. அங்கேதான் நீங்கள் ஒவ்வொரு முறையும் தாமதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அணைத்தபின் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளையும் துருவிய பார்மிஜானோவையும் சேர்த்து, பாத்திரத்தை ஆட்டியபடி வேகமாகக் கிளற வேண்டும். தட்டில் ஊற்றி, தட்டின் அடியில் உள்ளங்கையால் தட்டினால் அது தானாகப் பரவ வேண்டும். குவியலாக நின்றால் ஆசிரியர் திருப்பி அனுப்புவது நியாயமே.

ஆல்மா பள்ளியை வழிநடத்திய மார்கேசி, 1981-இல் தாம் உருவாக்கிய குங்குமப்பூ ரிசோட்டோவின்மீது உண்ணத்தக்க தங்கத் தகடு ஒன்றை வைத்துப் பரிமாறினார். எல்லோரும் தங்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கற்க வேண்டியது அதன் அடியில் இருக்கிறது. வெங்காயத் துணுக்குகள் அரிசியின் வழவழப்பைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக, வெங்காயத்தையும் ஒயினையும் தனியே காய்ச்சி வடிகட்டி, அந்தச் சாரத்தை வெண்ணெயில் ஏற்றிப் புளிப்பு வெண்ணெயாகச் சேர்த்தார். சுவை முழுவதும் உள்ளே இருக்கிறது. துணுக்கு ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. இந்த ஒரு உணவைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். உங்கள் ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்பது விளங்கிவிடும்.

பாஸ்தாவுக்கு அங்கே ஒரு பழைய கணக்கு உண்டு: நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு. உப்பு தண்ணீரில்தான் சேர வேண்டும். பிறகு மேலே தூவினால் உள்ளே இறங்காது. உறையில் அச்சிட்ட நேரத்துக்கு ஓரிரு நிமிடம் முன்பே வடித்து, மீதி வேக்காட்டைச் சாறு இருக்கும் வாணலியில், வடித்த தண்ணீரிலிருந்து ஒரு கரண்டி ஊற்றி முடிக்க வேண்டும். இதற்கு ஈடுகொடுக்கும் வலிமை பாஸ்தாவுக்கு இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம்: உலர்ந்த பாஸ்தாவை டியூரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967-இலேயே விதித்துவிட்டது. முட்டைப் பாஸ்தா வேறு. நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பிசைந்து, அரைமணி நேரம் மூடிவைத்து, நீண்ட உருளைக்கட்டையால் தேய்க்கிறார்கள். நாடா வடிவில் நறுக்கும் தாலியத்தெல்லே பாஸ்தாவின் அகலம் வெந்தபின் 8 மில்லிமீட்டர் என்று 1972-இல் பொலோன்யா வணிகக் கழகத்தில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊரார் இதில் எவ்வளவு பிடிவாதம் உள்ளவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பூண்டு கருகுவதற்குக் காரணம் நம் தாளிப்புப் பழக்கம். எண்ணெய் நன்றாகக் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும், அதன் பிறகே மற்றவை விழ வேண்டும் என்று நம் காதும் மூக்கும் பழகியிருக்கின்றன. அங்கே பூண்டை ஆலிவ் எண்ணெயோடு சேர்த்தே, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே அடுப்பில் வைத்து, வாசனை எண்ணெயில் இறங்கியதும் பூண்டை எடுத்து எறிந்துவிடுவது வழக்கம். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்கும் சொஃப்ரித்தோவும் அப்படித்தான். சத்தமே இல்லாத தணலில், நிறம் ஏறாமல், பொறுமையாக வதங்க வேண்டும். சத்தம் கேட்டால் தீ அதிகம்.

இன்னொன்று, நீங்கள் எழுதாவிட்டாலும் உங்களிடம் இருக்கும் என்று எண்ணுகிறேன். அடுப்பில் இருப்பதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, எச்சில் பட்டுவிடும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். மணத்தை வைத்தே உப்புச் சொல்லும் பாட்டிகள் நம் வீடுகளில் உண்டு. அது பெரிய திறமை. ஆனால் அங்கே சுவைத்துப் பார்க்காமல் தட்டில் எடுத்துவைப்பதை ஆசிரியர்கள் அலட்சியமாகக் கருதுவார்கள். மேலங்கியின் பையில் கரண்டிகளைச் செருகிக்கொண்டு, ஒருமுறை வாயில் வைத்ததை மறுமுறை பாத்திரத்தில் விடாமல், ஒவ்வொரு கட்டத்திலும் சுவைத்துப் பழகுங்கள்.

கேள்வி: விசா கிடைத்துவிட்டது. அங்கே போனபின் என்னென்ன ஆவணங்கள் எடுக்க வேண்டும்? பகுதிநேர வேலை செய்து கடனை அடைக்க முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: நீண்டகாலப் படிப்புக்கான விசா உங்களை நாட்டுக்குள் விடுவதோடு சரி. தங்குவதற்குப் பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ என்ற அனுமதி வேண்டும்; இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அஞ்சலகங்களில் சிலவற்றில் மட்டும் இதற்கென ஒரு சாளரம் இருக்கும். அங்கே விண்ணப்ப உறையை வாங்கி நிரப்பி, புகையிலைக் கடைகளில் விற்கும் 16 யூரோ முத்திரைவில்லையை ஒட்டி, கடவுச்சீட்டின் நகல், சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றோடு கொடுத்தால் ஒரு ரசீது தருவார்கள். உண்மையான அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆவது வழக்கம் என்பதால் அந்த ரசீதுதான் அதுவரை உங்கள் ஆதாரம், தொலைத்துவிடாதீர்கள். பிறகு குறிப்பிட்ட நாளில் க்வெஸ்தூரா எனப்படும் காவல் அலுவலகத்தில் கைரேகை எடுப்பார்கள். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, தொலைபேசி எண் எல்லாவற்றுக்கும் கேட்கப்படும் வரி அடையாள எண்ணையும் முதல் வாரத்திலேயே பெற்றுவிடுங்கள்.

அரசின் பொது மருத்துவச் சேவையில் மாணவர்கள் விருப்பத்தின்பேரில் சேர 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ கட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று கணக்கிடப்படுகிறது. அக்டோபரில் சேர்ந்தாலும் முழுத்தொகைதான். ஆகவே ஆண்டின் கடைசியில் போய்ச் சேருகிறவர்கள் முதல் சில மாதங்களுக்குத் தனியார் காப்பீடு வைத்துக்கொள்வது சிக்கனம்.

மாணவர் அனுமதியில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 1,040 மணி நேரம் வரை வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சமையற்கலை மாணவர் காலையிலிருந்து மாலைவரை நின்றபடி இருப்பவர். பணிப்பயிற்சிக் காலத்தில் இரவும் போய்விடும். படிக்கும்போதே சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கணக்கை வைத்து வீட்டை அடகு வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பணிப்பயிற்சிக்குச் சென்ற உணவகத்தில் காலை முதல் நள்ளிரவு வரை வேலை வாங்குகிறார்கள். சம்பளம் இல்லை. இது முறைதானா?
– மாணவி, வடக்கு இத்தாலி

பதில்: படிப்பின் பகுதியாக வரும் பணிப்பயிற்சிக்குச் சம்பளம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பல இடங்களில் சாப்பாடும் தங்குமிடமும் மட்டும் தருவார்கள். மதிய உணவு முடிந்து மூன்று மணிக்கு ஓய்வு, மாலை மீண்டும் வந்து இரவுச் சாப்பாடு முடியும்வரை வேலை என்று நாள் இரண்டாகப் பிளந்திருப்பதும் இத்தாலிய உணவகங்களின் இயல்பு. ஆனால் எல்லை உண்டு. உங்கள் பள்ளியும் உணவகமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்றும், நீங்கள் என்ன கற்க வேண்டும், யார் உங்களுக்குப் பொறுப்பாளர், எத்தனை மணி நேரம் என்று எழுதிய பயிற்சித் திட்டம் ஒன்றும் இருக்க வேண்டும். விபத்துக் காப்பீடும் அதில் அடங்கும். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதிய நேரத்தைவிட மிகுதியாக வேலை வாங்கினால், உணவகத்தாரிடம் வாதாடுவதற்குமுன் பள்ளியின் பொறுப்பாளருக்குத் தேதியும் மணியும் குறித்து எழுதுங்கள். அப்படி ஒரு தாளே இல்லை என்றால், நீங்கள் பயிற்சி பெறவில்லை. பதிவில்லாத கூலியாக உழைக்கிறீர்கள். கையில் வெட்டோ தீக்காயமோ பட்டால் கேட்க நாதி இருக்காது. அன்றே பள்ளிக்குத் தெரிவியுங்கள்.

நேரம் நியாயமாக இருந்து, வேலை கடினமாக மட்டும் இருந்தால், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பேன். குளிர்ந்த உணவு, பாஸ்தாவும் அரிசியும் அடங்கிய முதல் தட்டு, இறைச்சியும் மீனும் அடங்கிய இரண்டாம் தட்டு, இனிப்பு என்று பிரிந்திருக்கும் அடுக்களை வரிசையில் கடைசியாக வந்தவர் கீரை ஆய்வதில்தான் தொடங்குகிறார். ஆய்ந்துகொண்டே கவனிக்க ஏராளம் இருக்கிறது. பச்சையாகப் பரிமாறும் மீனை முன்கூட்டியே மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைப்பதையும், ஐரோப்பிய விதிகள் பட்டியலிடும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று ஒரு விருந்தாளிக்கு ஆகாது என்றதும் மேடை, கத்தி, பலகை அனைத்தும் மாற்றப்படுவதையும் பாருங்கள். இந்த ஒழுங்கு நம் ஊரில் பலருக்கு இன்னும் வாய்க்காத கல்வி.

கேள்வி: நான் பலெர்மோவில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இங்கே அரசு உணவகத் தொழிற்பள்ளியில் கடைசி ஆண்டு படிக்கிறேன். இறுதித் தேர்வுக்கு ‘உன் வீட்டுச் சமையலைச் சேர்த்து ஒன்று செய்’ என்கிறார்கள். சிசிலி உணவில் கறித்தூளைக் கொட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், பலெர்மோ

பதில்: தம்பி, உங்கள் பயம் நல்ல பயம். கொட்டினால் அப்படித்தான் ஆகும். ஆனால் வெளியிலிருந்து வந்தவற்றைத் தனதாக்கிக்கொள்வதில் உங்கள் ஊரைப்போல் தேர்ந்த ஊர் இத்தாலியில் குறைவு. கத்தரிக்காயும், கரும்பும், எலுமிச்சை வகைகளும் அரபு ஆட்சிக் காலத்தில் அத்தீவில் வேரூன்றியவை. கத்தரிக்காயை வறுத்து, காடியும் சர்க்கரையும் சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கப்பொனாத்தாவை இன்று யாரும் அயலார் உணவு என்று சொல்வதில்லை. ட்ராப்பனியில் மீன்சாற்றில் நனைத்துப் பரிமாறும் கூஸ்கூஸும் அப்படியே. உணவில் மட்டுமா? மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குப் பலெர்மோவின் தமிழர்கள், சைவ சமயத்தவர் உட்பட, ஏறிச்சென்று வழிபடுவதை அந்த ஊர் இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எனவே பொருளை மாற்றுவதற்குமுன், இரு உணவுகளும் எந்த இடத்தில் ஒரே வேலையைச் செய்கின்றன என்று பாருங்கள். ட்ராப்பனியின் மீன்சாறும், ஒடியல்மா என்ற உலர்ந்த பனங்கிழங்கு மாவைக் கரைத்துக் கெட்டியாக்கும் உங்கள் வீட்டு மீன்கூழும், கரைக்கு வந்த பல வகைச் சிறு மீன்களை வீணாக்காமல் ஒரே பாத்திரத்தில் சேர்க்கும் கடலோரத்து உணவுகள். ட்ராப்பனியில் தக்காளியும் பாதாமும் பூண்டும். யாழ்ப்பாணத்தில் புளியும் செத்தல் மிளகாயும். ட்ராப்பனிச் சாற்றின் புளிப்பைப் புளியால் கொடுத்து, காரத்தை அடக்கி, கெட்டித்தன்மைக்கு ஒடியல்மாவைச் சிறிதளவு பயன்படுத்திப் பாருங்கள். ஒடியல்மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரைக் கொட்டிக் கசப்பை நீக்கும் முறையை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வாளர்கள் அதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், இத்தாலிய மொழியில் விளக்க ஆயத்தமாக இருங்கள். யாழ்ப்பாணத்துக் கறித்தூளைச் சேர்ப்பதானால், சாற்றில் கலக்காமல், வாள்மீன் துண்டின்மேல் மெல்லியதாகத் தடவி வாட்டுங்கள். வறுத்த மல்லியின் மணத்துக்கு அந்த மீன் நன்றாக ஈடுகொடுக்கும். அரைத் தேங்காய்ப் பாலை ஊற்ற வேண்டும் என்ற ஆசை வரும். இந்த உணவில் வேண்டாம், மீன்சாற்றின் தெளிவு போய்விடும்.

கேள்வி: பெட்டியில் கறிவேப்பிலை, நெய், ஊறுகாய், மசாலாப் பொடி எல்லாம் கொண்டு போகலாமா? கத்தி வாங்கிப் போக வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: பொடிகளையும், உலர்ந்த மிளகாய், புளி, பருப்பு ஆகியவற்றையும் உங்கள் தேவைக்கு ஏற்ற அளவில் கொண்டு செல்லலாம்; கடையில் வாங்கிய மூடிய உறைகளாக இருந்தால் கேள்வி குறையும். எண்ணெயில் ஊறிய காய்கறி ஊறுகாய்க்கும் தடையில்லை. நெய் பால்பொருள் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவர அனுமதி இல்லை. கருவாடு கொண்டு செல்வதாக இருந்தால் அதற்கான அளவு விதியை முன்கூட்டியே பாருங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது: 2019 டிசம்பர் முதல் பச்சைத் தாவரப் பொருட்களுக்கு ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்று வேண்டும், தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, முள்நாறிப் பழம் (துரியன்) ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. மிலான், பலெர்மோ போன்ற நகரங்களில் இலங்கையர் நடத்தும் கடைகளில் கறிவேப்பிலை கிடைக்கும். நெய்க்குக் கவலையே வேண்டாம், உப்பில்லாத நல்ல வெண்ணெய் எங்கும் விற்கிறது, நீங்களே உருக்கிக்கொள்ளலாம்.

கத்தி இப்போது வாங்காதீர்கள். பல பள்ளிகள் சீருடையோடு கத்திப்பெட்டியையும் கட்டணத்தில் சேர்த்தே தருகின்றன. உங்கள் சேர்க்கைக் கடிதத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே போய், ஆசிரியர் சொல்லும் அளவில், உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று பிடித்துப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பணத்தில் இங்கே ஒரு நல்ல சமையலறைக் காலணி வாங்கிக்கொள்ளுங்கள். வழுக்காத அடிப்பகுதியும், கத்தி விழுந்தால் விரலைக் காக்கும் கடினமான முன்பகுதியும் உள்ளதாகப் பார்த்து எடுத்து, புறப்படுவதற்குமுன் சில வாரங்கள் வீட்டிலேயே போட்டு நடந்து காலுக்குப் பழக்கிவிடுங்கள்.